நடுவில் இன்னும் தண்ணீர்

கடலூர் முதுநகரில் ஐஸ் பிளான்டுக்கு மேலே
ஆயிரத்து எண்ணூறு வாடகைக்கு ஓர் அறை.
பகலில் கீழே கணக்கு எழுதுகிறேன்.
இரவில் மேலே
ஐந்து படங்களைத் தொடங்கி வைத்திருக்கிறேன்.

குற்றச்சாட்டு, பிரேம் கடை ஜைனுலாப்தீனிடமிருந்து.
மூன்றுக்கு இரண்டு என்று ஆடியில் சொன்னேன்.
ஆவணியில் தேக்கில் இழைத்து முடித்துவிட்டார்.
அன்றிலிருந்து அவர் கடைச் சுவரில்
வெறும் மரச்சட்டம் தொங்குகிறது.
அதற்குள் கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு ஸ்விட்ச் பெட்டி,
சில நாள் பல்லி.
"ஒண்ண முடிச்சுட்டு அடுத்ததத் தொடும்மா.
அஞ்சு அடுப்புல அஞ்சு சோறு வச்சா
எது பொங்குது எது அடிபிடிக்குதுன்னு
யாரு பாக்குறது?"

நான் ஈரத்தின் மேல் பழி போட்டேன்.
முழுப் பொய்யும் இல்லை.
உப்பனாற்றுக் காற்று, கீழே ஐஸ்,
ஐப்பசியில் எண்ணெய் வண்ணம்
பத்து நாளானாலும் விரலில் ஒட்டும்.
ஒன்று காயும்வரை
கையை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

ரோஸ்லின் மீனுக்கு விலை கூறுகிறாள்:
முகம் இருக்கிறது, தோள் இல்லை.
கெடிலத்தில் வெள்ளம் வந்த அன்றைய பாலம்.
படகுக்கு அடியில் படுத்திருக்கும் நாய்.
வெறும் நீலம், ஏன் தொடங்கினேன் என்று நினைவில்லை.
ஐந்தாவதைப் பற்றிச் சொல்லமாட்டேன்.

படகின் அடிவயிற்றுக்குக் குழைத்த சாம்பல் மீந்தால்
வீணாக்க மனம் வராமல் பாலத்தில் பூசுவேன்.
பாலத்தின் துரு ரோஸ்லினின் கூடைக்குப் போகும்.
மூன்று மாதத்தில் ஐந்துக்கும்
ஒரே வானிலை வந்துவிட்டது,
ஒரு வீட்டுப் பிள்ளைகள்
ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொள்வதுபோல.

கீழே ஆபரேட்டர் தணிகாசலம்
நூற்றறுபது டின்களில் ஒன்றாக நீர் நிரப்புகிறார்.
எந்த டின்னிடமும் நீ முதலில் என்பதில்லை.
ஆனால் ஒருநாள் விசைப்படகின் அவசரத்துக்கு
ஒரு பாரை முன்கூட்டியே தூக்கினார்.
நான்கு பக்கமும் கண்ணாடி மாதிரி இருந்தது.
லாரியில் ஏற்றும்போது உடைந்து
உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது.
வெளியிலிருந்துதான் உறையும் என்றார்,
நடுதான் கடைசி.

அன்றிரவு ஐந்தையும் தட்டிப் பார்த்தேன்.

கார்த்திகை முதல் தேதி சபதம்.
நான்கையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.
ரோஸ்லின் மட்டும்.
இருபத்திரண்டு இரவுகள்.
தோள் வந்தது. அழித்தேன். வந்தது.
உயர்த்தினேன், சேலையால் மூடினேன், சுரண்டினேன்.
மிச்ச நிறத்துக்குப் போக வேறு இடமில்லை,
எல்லாம் அவள்மேலேயே ஏறியது.
கடைசியில் தோள்
யாரோ இறக்கிவைக்க மறந்த மூட்டை ஆனது.
விலை கூறிய வாய்
விலையை மறந்துவிட்டது.

இருபத்துமூன்றாம் இரவு,
அந்தச் சாம்பலை எதில் கலந்தேன் என்று பார்க்க
நாயைத் திருப்பினேன்.

முடிந்திருந்தது.

நான் தொடவில்லை. ஈரம் காய்ந்து
படகின் நிழல் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான்.
காதுக்கு இன்னும் ஒரு கோடு வேண்டுமென்று
ஐப்பசி முழுக்கக் கவலைப்பட்டேனே,
அந்தக் கோட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

காலையில் ஷேர் ஆட்டோவில் மடிமேல் வைத்துப் போனேன்.
ஜைனுலாப்தீன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.
"இது சதுரமால்ல இருக்கு."
ஆமாம்.
"நாய்க்கா நான் தேக்கு எடுத்தேன்?"
இல்லை.
நாடாவை இழுத்தார், இரண்டுக்கு இரண்டு.
வேம்பு போதும் என்று எழுதிக்கொண்டார்.
பெரிய சட்டத்தைத் தூசி தட்டி
மறுபடி அதே ஆணியில் மாட்டினார்.

அறைக்குத் திரும்பி மற்ற மூன்றையும் திருப்பினேன்,
ஐந்தாவதைக் கடைசியாக.
கீழே டின்களில் நீர் விழும் சத்தம்.
ரோஸ்லினின் தோளைச் சுரண்டிய கத்தியில்
நல்ல பழுப்பு கொஞ்சம் மீந்திருக்கிறது.